மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே தீப்பொறி: அம்மாவின் அடுப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: சிப்புட் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) தனியாக வசிக்கிறார். நான் கோலாலம்பூரில் வேலை செய்வதால் இரண்டு வாரத்திற்கு ஒருமுறைதான் ஊருக்குப் போய்வர முடிகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு 20 லிட்டர் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சூட்டின் அளவுக்கு ஒன்று, நேரத்திற்கு ஒன்று என்று இரண்டே திருகுகள் உள்ள எளிய வகை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலையில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய அவருடைய கைவிரல்கள் இப்போது மடங்க மறுப்பதால், எரிவாயு அடுப்பில் கனமான சட்டியை ஏற்றி இறக்குவது அவருக்குப் பெரும் சிரமம். காலையில் ஆக்கிய சோற்றையும் குழம்பையும் இரவில் சூடுபடுத்திச் சாப்பிட இந்த அடுப்பையே நம்பியிருந்தார்.

சென்ற சனிக்கிழமை ஒரு கிண்ணம் மீன் குழம்பை நான் உள்ளே வைத்துத் திருகைத் திருப்பிய சில நொடிகளில், வலப்பக்கச் சுவரிலிருந்து சடசடவென்ற ஒலியுடன் தீப்பொறி பறந்தது. காகிதம் கருகியது போன்ற வாடையும் வந்தது. உடனே நிறுத்திவிட்டேன். சூடு ஆறியபின் கைவிளக்கை அடித்துப் பார்த்தால், அந்தச் சுவரில் அட்டை போன்ற ஒரு சிறிய சதுரத் தாள் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் கீழ் ஓரத்தில் பத்து சென் காசளவுக்குக் கருகி, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டையும் விழுந்திருக்கிறது. அம்மாவிடம் கேட்டபோது, இரண்டு வாரமாகவே இப்படிப் பொறி வருகிறது என்றும், என்னிடம் சொன்னால் வீண் செலவு செய்வேன் என்று எண்ணிச் சொல்லாமல் விட்டதாகவும் கூறினார். அதற்குச் சில நாள்களுக்கு முன்பு முட்டைக் குழம்பைச் சூடுபடுத்தும்போது முட்டை வெடித்து உட்புறம் முழுவதும் சிதறியதாகவும், காய்ந்துபோன கறையைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்து எடுத்ததாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

டவுனில் உள்ள ஒரு கடைக்காரர் கதவைக்கூடத் திறந்து பார்க்காமல், இனி இது உதவாது, புதிதாக வாங்குங்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்காவோ, கதிர் வெளியே கசிகிறது, சூடுபடுத்திய சாப்பாட்டிலும் அந்தக் கதிர் தங்கிவிடும் என்று சொல்லி அம்மாவை நன்றாகப் பயமுறுத்திவிட்டார். அன்றிலிருந்து அம்மா ஆறிப்போன சோற்றை அப்படியே சாப்பிடுகிறார். இந்த அடுப்பைச் சரிசெய்ய முடியுமா? பயன்படுத்துவது ஆபத்தா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: அடுப்பு, மின்கேத்தல், சோறு ஆக்கும் மின்சட்டி மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷனில்தான் செருகப்பட்டுள்ளன.

பதில் 1: ஆலை சார்ஜ்மேன்

வணக்கம், தங்கை. செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆலை வேலை முடிந்த நேரங்களில் லயத்து வீடுகளின் மின்சாமான்களைப் பழுதுபார்த்த அனுபவமும் உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அம்மாவின் அடுப்பு செத்துப்போகவில்லை. கருகியிருப்பது சில ரிங்கிட் விலையுள்ள ஒரு தாள் மட்டுமே. ஆனால் அதை மாற்றும்வரை அடுப்பை ஒரு நொடிகூட இயக்காதீர்கள்.

அது அட்டை அல்ல. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவால் ஆன தாள். அடுப்பின் வலப்பக்கத்தில், திருகுகள் உள்ள பகுதிக்குப் பின்னால் மேக்னட்ரான் என்ற பாகம் இருக்கிறது. அதுதான் மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றுகிறது. அந்த அலைகள் ஓர் உலோகக் குழாய் வழியாக வந்து, சுவரில் உள்ள திறப்பின் மூலம் உணவு இருக்கும் அறைக்குள் நுழைகின்றன. அலை தடையின்றி ஊடுருவ வேண்டும், ஆனால் குழம்பும் நீராவியும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்தத் திறப்பை மைக்கா தாளால் மூடுகிறார்கள். சுத்தமான மைக்கா அலைகளை ஏற்பதில்லை, சூடாவதும் இல்லை. அதன்மேல் எண்ணெயும் முட்டையின் மஞ்சள் கருவும் தெறித்து ஒட்டிக்கொண்டால் அந்தக் கறை அலைகளை வாங்கிச் சூடாகும், சூடாகிக் கரியாகும். கரி மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால் அந்த இடத்திலேயே பொறி கிளம்பும். ஒவ்வொரு பொறியும் இன்னும் கொஞ்சம் கரியை உண்டாக்குவதால், தானே சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நாளுக்கு நாள் மோசமாகவே செய்யும்.

ஆக, உங்கள் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்ன அந்த முட்டைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவித்து உரித்த முட்டையாக இருந்தாலும், உள்ளே உண்டாகும் ஆவி வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கும். சில நேரங்களில் அடுப்பில் வெடிக்காமல், வெளியே எடுத்துக் கடிக்கும்போது வெடித்து வாயும் முகமும் வெந்துபோவதும் உண்டு. குழம்பில் உள்ள முட்டையைக் கண்டிப்பாக இரண்டாக வெட்டிய பிறகே சூடுபடுத்த வேண்டும். முழு ஈரலுக்கும் தோலுடன் உள்ள உருளைக்கிழங்குக்கும் இதே கதிதான். முள்கரண்டியால் குத்திவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கம்பி நாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலிருந்து உதிரும் முடி போன்ற கம்பித் துணுக்குகள் ஓர் இடுக்கில் தங்கினால் அவையே பொறி விடும். தேய்க்கும்போது உட்சுவரின் வெள்ளைப் பூச்சும் உரியும். ஆகவே கைவிளக்கைச் சாய்வாக அடித்துச் சுவர்களையும், தட்டு சுற்றும் வளையத்தின் அடிப்பகுதியையும் நன்றாகப் பாருங்கள். பளபளவென்று இரும்பு தெரிந்தாலோ, துருப் பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ என்னிடம் திரும்பச் சொல்லுங்கள். அது வேறு கதை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தாள் ஒரு சிறிய திருகாணியிலோ பிளாஸ்டிக் பொத்தானிலோ நிற்கும். அதை மெதுவாகக் கழற்றி, அதே அளவை ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு, மின்சாமான் உதிரிப்பாகங்கள் விற்கும் கடையில் மைக்கா தாள் என்று கேளுங்கள். பெரிய தாளாகக் கிடைக்கும். கத்தரிக்கோலால் அளவாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டும்போது ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரியும். பதறாமல் மெதுவாக வெட்டுங்கள். பொருத்துமுன் திறப்பைச் சுற்றியுள்ள எண்ணெயையும் கரியையும் ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

ஆனால் வெளிக்கூட்டை மட்டும் நீங்களோ, பழுதுபார்க்கத் தெரியும் என்று சொல்லும் அக்கம்பக்கத்துத் தம்பியோ திறக்கவே கூடாது. உள்ளே சுமார் 2,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும் மின்மாற்றியும், அந்த மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் மின்தேக்கியும் இருக்கின்றன. பிளக்கை உருவிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். தொட்டவர் உயிரையே அது வாங்கிவிடும். வீட்டில் உள்ள மின்சாமான்களில் இதற்கு இணையாக நான் அஞ்சுவது வேறொன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்த கணமே உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகள் மேக்னட்ரானை நிறுத்திவிடும். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்காதது போலவே, சோற்றிலும் குழம்பிலும் எந்த அலையும் தங்குவதில்லை. தங்குவது சூடு மட்டும். கதவுக் கண்ணாடியில் தெரியும் வலையின் ஓட்டைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவு. 2,450 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அந்த அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர். அதனால் அலை அந்த ஓட்டைகளின் வழியே வெளியேற முடிவதில்லை. மைக்கா தாளில் விழுந்த ஓட்டையால் அலை வெளியே கசியாது. அது அறைக்குள்ளேயே இருக்கும் பாகம். நீங்கள் கவனிக்க வேண்டியது கதவைத்தான். கீல் தளர்ந்து கதவு தொங்கினாலோ, கண்ணாடி விரிசல் விட்டாலோ, கொக்கி உடைந்தாலோ, கதவு மூடும் விளிம்பு நெளிந்திருந்தாலோ அந்த அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் விஷயம் என்னை உங்கள் தீப்பொறியைவிட அதிகம் கவலைப்பட வைக்கிறது. அடுப்பு 1,150 வாட், கேத்தல் 2,000 வாட், சோற்றுச் சட்டி 500 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,650 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 16 ஆம்பியர்; நம் பிளக்கில் உள்ள பியூஸோ 13 ஆம்பியருக்குத்தான். பியூஸ் உடனே போகாவிட்டாலும் பிளக்கும் வயரும் சூடேறி உருகத் தொடங்கும். அடுப்புக்குச் சுவரில் தனிச் செருகி கொடுங்கள்.

பதில் 2: ஈப்போ வாசகர்

எங்கள் வீட்டு அடுப்பிலும் இதே தாள்தான் கருகியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாள் இல்லாமலேயே ஓராண்டாகப் பயன்படுத்துகிறோம். ஒரு குறையும் இல்லை. எதற்காகத் தாளைத் தேடி அலைய வேண்டும்?

பதில் 3: ஆலை சார்ஜ்மேன்

ஐயா, உங்கள் அடுப்பு இன்னும் ஓடுவது நல்வினைதான். ஆயினும் அதை மற்றவர்களுக்கு வழியாகச் சொல்ல என்னால் முடியாது. தாள் இல்லாதபோது குழம்பின் ஆவியும் எண்ணெயும் அந்தத் திறப்பின் வழியாக நேராக மேக்னட்ரானின் முனைவரை போய்ப் படிகின்றன. அங்கே பொறி கிளம்பினால் எரிவது தாள் அல்ல, மேக்னட்ரான். அதை மாற்றுவதற்குப் பெரும்பாலும் புது அடுப்பு விலையில் பாதிக்கு மேல் ஆகிவிடும். அதோடு, நம் ஊர் வீடுகளில் கரப்பானும் எறும்பும் இல்லாத சமையலறை எங்கே இருக்கிறது? திறந்து கிடக்கும் அந்த வழியில் கரப்பான் புகுந்து கருகிக் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் அடுப்புக்கும் ஒரு தாள் வாங்கிப் பொருத்திவிடுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற தாதி

தங்கை, அடுப்பைப் பற்றிச் சார்ஜ்மேன் ஐயா விளக்கமாகச் சொல்லிவிட்டார். அரசாங்க கிளினிக்கில் பணியாற்றியவள் என்ற முறையில், அடுப்புக்குள் போகும் சோற்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். காலையில் ஆக்கிய சோற்றை அம்மா இரவுவரை மேசையில்தான் மூடி வைக்கிறாரா? அப்படியென்றால் அந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுங்கள். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. மைக்ரோவேவிலும் சரி, எரிவாயு அடுப்பிலும் சரி. கடும் வாந்தியோடு வந்த பலரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், முதல் நாள் சோறு என்றே பதில் வரும். ஆக்கிய ஒரு மணி நேரத்திற்குள் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று தட்டையாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடச் சொல்லுங்கள். இப்போது அவர் ஆறிய சோற்றை அப்படியே சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதியதால்தான் இதை உடனே சொல்லத் தோன்றியது.

சூடுபடுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். நுண்ணலைகள் உணவின் மேற்புறத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் வலுவாகப் போகின்றன. நடுப்பகுதிக்குச் சூடு மெல்லத்தான் பரவ வேண்டும். அதனால் ஓரம் கொதிக்கும்போது நடுவில் சில்லென்று இருக்கும். சோற்றை நடுவில் குழி விட்டு வளையம் போலப் பரப்பி, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடியை இறுக்காமல் சாய்த்து மூடி ஒன்றரை நிமிடம் வைக்க வேண்டும். பிறகு கிளறிவிட்டு மீண்டும் ஒரு நிமிடம் வைத்து, வெளியே எடுத்து இரண்டு நிமிடம் அப்படியே விட வேண்டும். உணவு முழுவதும் 74 டிகிரிக்குச் சூடாக வேண்டும் என்பது கணக்கு. வெப்பமானி இல்லாவிட்டால் நடுவில் இருந்தும் ஆவி பறக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாத்திரங்களையும் ஒருமுறை பிரித்து வையுங்கள். இனாமல் பூசிய பழைய மங்குத் தட்டுகள் பீங்கான் போலத் தெரிந்தாலும் அடியில் இரும்புதான். தங்கக் கோடு போட்ட கல்யாணத் தட்டுகளும், எவர்சில்வர் அடுக்குச் சட்டியும் கூடாது. கடையில் வாங்கும் நாசி லெமாக் பொட்டலத்தை அப்படியே உள்ளே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் குத்தியுள்ள ஸ்டேப்பிள் கம்பி பொறி விட்டுக் காகிதத்தைக் கொளுத்திவிடும். ஒரு பீங்கானோ கண்ணாடிப் பாத்திரமோ ஏற்றதா என்று சந்தேகம் வந்தால், அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் இயக்குங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் நல்லது. பாத்திரமே சுட்டால் அது வேண்டாம். கோப்பைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பைக் காலியாக ஓட்டிவிடாதீர்கள்.

அம்மா கோப்பி கலக்கத் தண்ணீரையும் இதிலேயே காய்ச்சுகிறார் என்றால் இன்னொரு எச்சரிக்கை. வழவழப்பான கோப்பையில் தண்ணீர் ஒரு குமிழிகூட விடாமல் கொதிநிலையைத் தாண்டிவிடும். அமைதியாகத் தெரிகிற அந்தத் தண்ணீரில் கோப்பித் தூளைப் போட்ட நொடியில் அது பொங்கிச் சீறிக் கையில் கொட்டும். கோப்பைக்குள் ஒரு மரக்கரண்டியை வைத்துக் காய்ச்சி, எடுப்பதற்கு முன் அரை நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். விரல் பிடிப்பு இல்லாத கைக்கு இது மிகவும் முக்கியம்.

சிப்புட் மகள்

சார்ஜ்மேன் ஐயாவுக்கும் தாதி அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. இந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஈப்போவில் ஓர் உதிரிப்பாகக் கடையில் மைக்கா தாள் கிடைத்தது, 6 ரிங்கிட். பழைய தாளைக் கழற்றியபோது, அதன் பின்பக்கத்தில் மஞ்சள் கரு அரிசி மணியளவுக்கு உறைந்து தேன் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயா சொன்னது அப்படியே சரியாக இருந்ததைக் கண்டு அம்மா வியந்துபோனார். தட்டுச் சுற்றும் வளையத்தின் அடியில் இரண்டு கம்பி இழைகளும் கிடைத்தன. சுவரின் பூச்சு ஓரிடத்தில் மங்கியிருக்கிறதே தவிர, இரும்பு தெரியவில்லை.

மற்ற கறைகளை எடுக்க, ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டு, புதிய தாளுடன் ஐந்து நிமிடம் இயக்கி, கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டேன். ஆவியில் ஊறிய கறைகள் மென்துணிக்கே வந்துவிட்டன. கருவாட்டு வாடையும் போய்விட்டது. பொறி ஒன்றுகூட வரவில்லை. அடுப்பைச் சுவர்ச் செருகிக்கு மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்து வலையையும் கதவையும் காட்டினேன்.

ஐயாவிடம் இரண்டு கேள்விகள். அடுப்பு முன்பிருந்த வலுவோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே பிற்பகலில் அடிக்கடி இடி இடிக்கிறது; அதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில் 5: ஆலை சார்ஜ்மேன்

மகிழ்ச்சி, தங்கை. வலுவை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து அதன் வெப்பத்தைச் சமையல் வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. முழு வலுவில் ஒரு நிமிடம் வைத்து, எடுத்தவுடன் கலக்கி மறுபடி அளந்து பாருங்கள். கூடிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வாட் கணக்கு வரும். 28 டிகிரியில் இருந்த தண்ணீர் 38 ஆனால் 700 வாட். பின்பக்கத் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: பெரியது அடுப்பு இழுக்கும் மின்சாரம், சின்னது உணவுக்குக் கொடுக்கும் வலு. சின்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். பாத்திரமும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால் ஐம்பது, நூறு குறைந்தால் கவலை இல்லை. பாதிக்குப் பாதி குறைந்தால் மேக்னட்ரான் ஓய்ந்து வருகிறது என்று பொருள்.

இடி நேரத்தில் பிளக்கையே உருவிவிட வேண்டும். அம்மாவின் விரல்களுக்குப் பிளக்கை உருவுவது கடினம் என்றால், இடி இடிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்களோ அக்கம்பக்கத்தாரோ வந்து உருவ முடியாது. ஆகவே மின்னல் பாய்ச்சலைத் தாங்கும் காப்பு ஒன்றை வீட்டின் மின்பெட்டியில் பொருத்த உரிமம் பெற்ற வயர்மேனிடம் கேளுங்கள். பின்புறக் காற்றுத் துளைகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் விடுங்கள். அடுப்பின் மேல் துணியோ பூச்சாடியோ வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைவிளக்கை அடித்துப் புதிய தாளின் கீழ் ஓரத்தை ஒருமுறை பாருங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் அப்போதே துடைத்துவிடலாம்.

சிப்புட் மகள்

தண்ணீர் 27-லிருந்து 36 டிகிரிக்கு வந்தது, ஐயா, 630 வாட். தகட்டில் 700 என்று இருக்கிறது. வயர்மேன் வியாழக்கிழமை வருகிறார். அம்மா இன்று முட்டையைத் தானே இரண்டாக வெட்டி, மூடி போட்டுச் சூடுபடுத்திச் சாப்பிட்டார்.